கொல்லி செல்களும் பொறுங்க அண்ணியும்

அண்ணனுக்குப் பெண் பார்த்த சமயத்தில், பெண் என்ன வேலை செய்கிறாள் என்று யார் கேட்டாலும் அப்பா ஒரே பதில்தான் வைத்திருந்தார். "செல் ஆராய்ச்சி." சொல்லும்போது அவர் குரல் ராணுவ ரகசியம் போலத் தாழ்ந்துவிடும். கேட்டவர்களும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். கல்யாணம் முடிந்த கையோடு மேல்மாடிக்காரர் திரை உடைந்த கைபேசியோடு வந்து நின்றார். "மருமக செல் ஆராய்ச்சியாமே, இதைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்களேன்."

வீடே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. புது மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. கைபேசியை வாங்கி, திருப்பிப் பார்த்து, "பொறுங்க, பார்த்துச் சொல்றேன்" என்றார். மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் கடையில் கொடுத்து, புதுத் திரை போட்டு, மாலையில் கொண்டுபோய்க் கொடுத்தார். மேல்மாடிக்காரர் இன்றுவரை அவரைக் கைபேசி நிபுணர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அன்றைக்கே அண்ணனின் தங்கை அவருக்குப் பெயர் வைத்துவிட்டாள்: பொறுங்க அண்ணி.

இந்தத் தங்கை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் டீச்சர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அது வீட்டிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. டீச்சருக்குக் கண்ணும் வாயும் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். "ஆட்டோ வருது, கண்ணாடியப் பாருங்க, இண்டிகேட்டர் எங்கே, அது வைப்பர்" என்று நாள் முழுக்கப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்தும் அதே வேகத்தில் பேசுவாள். எதையும் யோசிப்பதற்கு முன்பே முடிவெடுத்துப் பழகிய கை. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த அண்ணி, புதுத் துணி எடுப்பா இருக்கா என்று கேட்டால்கூட, "பொறும்மா, வெளிச்சத்துக்குக் கொண்டா" என்பார். ஜன்னல் ஓரத்தில் வைத்துப் பார்ப்பார். மடித்து வைத்துப் பார்ப்பார். பதில் வருவதற்குள் டீச்சர் அந்தத் துணியையே உடுத்திக்கொண்டு வெளியே போயிருப்பாள்.

அண்ணியின் அப்பா தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை பார்த்தவர். படிப்பு என்றால் உயிர். மூத்த பெண்ணை அறிவியல் கல்லூரியில் சேர்த்தார். அங்கே முதல் வருடம், அவரவர் விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்து, சாயம் போட்டு, நுண்ணோக்கியில் தெரிவதை வரையச் சொன்னார்கள். எல்லோரும் புத்தகத்தில் இருந்த படத்தையே அழகாக வரைந்தார்கள். அண்ணி வரைந்த வெள்ளணு ஒன்றில் மட்டும் பொடிப்பொடியாகப் புள்ளிகள். விரிவுரையாளர் குனிந்து பார்த்தார். "புத்தகத்துல இந்தப் புள்ளி இல்லையேம்மா?" "கண்ணுல இருக்கு சார்." அவர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. "ஆமா, இருக்கு. விடு, அழிக்காதே."

பிற்பாடுதான் தெரிந்தது, அந்தப் புள்ளிகளெல்லாம் பைகள் என்று. கொல்லுவதற்கான சரக்கை அடைத்துத் தயாராக வைத்திருக்கும் பைகள். அவற்றைச் சுமந்து திரிகிற செல்லுக்கு இயற்கைக் கொல்லி செல் என்று பெயர். அண்ணி அந்தச் செல்லின் பின்னாலேயே போனார். படிப்பு, மேற்படிப்பு, வேலை எல்லாமே அதைச் சுற்றித்தான்.

ஆய்வகம் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பின்கட்டில் இருந்தது. படியேறிப் போனால் நீளமான அறை. ஒரு பக்கம் குளிர்பெட்டிகள் ஓயாமல் முனகும். இன்னொரு பக்கம் ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம், துணி துவைக்கும் இயந்திரம் கடைசிச் சுற்றில் போடுகிற சத்தத்தைப் போட்டுக்கொண்டிருக்கும். மூலையில் உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் ஒரு பெட்டி. அதற்குள் செல்கள் உயிரோடு இருக்கும். அவற்றை ஒற்றை வரிசையில் லேசர் வெளிச்சத்தின் முன்னால் ஓடவிட்டு, ஒவ்வொன்றும் என்ன செய்தது என்று எண்ணிச் சொல்ல ஒரு கருவி. அதன் முன்னால் சக்கர நாற்காலியில் அண்ணி. பக்கத்தில், கூட வேலை பார்க்கும் நெட்டை. அவர் நிஜமாகவே நெட்டை. கதவு நிலையில் இடித்துக்கொள்ளாத நாள் கிடையாது.

டீச்சருக்குக் கல்யாணமாகி, மகள் பிறந்து வளர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்த மேசையைத் துடைத்தபடியே டீச்சர் கேட்டாள். "அண்ணி, உண்மையிலேயே நீங்க அங்கே என்னதான் பண்றீங்க?"

அண்ணி துணியை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"உடம்புக்குள்ள ரோந்து சுத்துற செல்லு அது. வழியில பார்க்கிற செல்லையெல்லாம் தொட்டுப் பார்க்கும். தொடறதுக்கு மேல் பரப்புல ஏற்பிகள்னு கை மாதிரி நிறைய இருக்கு. சில கை 'அடி'ன்னு சொல்லும். சில கை 'விடு, நம்ம ஆளு'ன்னு சொல்லும். ரெண்டையும் கூட்டிக் கழிச்சு 'அடி'ன்னு முடிவானா, ரெண்டு வேலை நடக்கும். ஒண்ணு, வைரஸ் புகுந்த செல்லையோ புற்றுநோய் செல்லையோ துளை போட்டுக் கொல்றது. இன்னொண்ணு, சைட்டோகைன்னு ஒரு சேதியை வெளியில விடறது. 'எல்லாரும் எழுந்திருங்க, ஆபத்து'ன்னு மத்த செல்லுக்குச் சொல்ற ரசாயனச் சேதி."

"ரெண்டும் ஒண்ணா நடக்குமா?"

"அதான் கேள்வியே. கொல்றதுக்குச் சரக்கு பையில தயாரா இருக்கு. தொட்ட உடனே கொட்டிரும். சேதி அப்படி இல்ல. அதுக்குக் குறிப்பு மட்டும்தான் முன்கூட்டியே எழுதி வச்சிருக்கும். சேதியை அப்புறம்தான் செஞ்சு அனுப்பணும். கை தொட்டாச்சு, சரி. அப்புறம் எப்போ செய்யணும், எவ்வளவு செய்யணும், எப்போ நிறுத்தணும்? அந்தக் கணக்கு எங்கே இருக்குன்னுதான் பார்த்துக்கிட்டிருக்கேன்."

"நிறுத்தலைன்னா என்ன ஆகும்?"

"காய்ச்சலே நோயைவிடப் பெரிய நோயாயிடும்."

டீச்சர் அப்போது அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று சாவியைத் தேடப் போய்விட்டாள்.

அதற்கடுத்த வருடம் அண்ணியின் ஆய்வகத்தில் ஒரே கொண்டாட்டம். ஒரு குறிப்பிட்ட ஏற்பியை மட்டும் ஓர் ஆன்டிபாடி மருந்தால் பிடித்து இழுத்தால் போதும், கொல்லி செல்கள் வேறு யார் துணையும் இல்லாமல் சைட்டோகைனைக் குடம் குடமாகக் கொட்டுகின்றன என்று அண்ணியின் சோதனைகள் காட்டின. அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆய்வகத்துக்குத் தலைவரான புரொபசர் கட்டுரையை எழுதி முடித்துவிட்டார். நெட்டை மாநாட்டுக்கென்று கோட்டு தைத்துக்கொண்டார். அவர் உயரத்துக்குக் கடையில் கிடைக்காதாம். அண்ணன் பார்க்கிறவர்களிடமெல்லாம் "வீட்டுக்காரி பெரிய விஷயம் கண்டுபிடிச்சிருக்கா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அண்ணிக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. ஒரு தடவை, யாரும் கேட்காமலேயே, செல்களை வழக்கத்தைவிடச் சுத்தமாகப் பிரித்துப் பார்த்தார். கொல்வது அப்படியே இருந்தது. சேதி மட்டும் பாதியாகக் குறைந்துபோனது. இன்னும் சுத்தமாகப் பிரித்தார். சேதி அநேகமாக நின்றே போனது. அப்படியென்றால் சேதியைக் கிளப்பியது ஏற்பி மட்டுமல்ல. குழாயில் ஒட்டிக்கொண்டு வந்த வேறு யாரோ.

தேடிக்கொண்டே போனவர் கடைசியில் மருந்துப் புட்டியில் போய் நின்றார். அந்த ஆன்டிபாடியில் செத்த பாக்டீரியாவின் மிச்சம் துளியூண்டு கலந்திருந்தது. அதன் வாசனைக்கு, குழாயில் மிஞ்சியிருந்த வேறு வகை வெள்ளணுக்கள் விழித்துக்கொண்டு தங்கள் பங்குக்கு ஒரு சைட்டோகைனை விட்டிருந்தன. ஏற்பி "அடி" என்றது. பக்கத்துச் செல் "ஆமாம், ஆபத்துதான்" என்று ஒத்து ஊதியது. இரண்டும் சேர்ந்த பிறகுதான் கொல்லி செல் சேதியைக் கொட்டியிருக்கிறது. ஏற்பி மட்டும் சொன்னால் அது கொல்லும், ஆனால் அதிகம் பேசாது.

அண்ணி போய் புரொபசரிடம் சொன்னார். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "நல்லவேளை, நம்ம கண்ணுல பட்டுச்சு" என்றார். கட்டுரை கிடப்புக்குப் போனது. நெட்டை கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோட்டு அலமாரியில் தொங்கியது.

வீட்டில் அண்ணனுக்கு ஆறவில்லை. "இன்னும் சுத்தமாப் பிரின்னு உன்னை யாரு சொன்னா? பேசாம இருந்திருக்கலாமே?"

"இருந்திருக்கலாம்தான்" என்றார் அண்ணி. "ஆனா அது அப்படி இல்லையே."

மறுநாள் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பினார். டீச்சர் தன் கணவரிடம், "கையில வந்த பேரைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு வந்திருக்காங்க. பிழைக்கத் தெரியாதவங்க" என்று சொன்னாள். அவளுக்கு அண்ணி மேல் பாசம் உண்டு. மதிப்பு என்று சொல்ல முடியாது.

அந்த மழைக்காலத்தில் டீச்சரின் மகளுக்குக் காய்ச்சல் வந்தது.

குட்டி அப்போதுதான் ஒன்றாம் வகுப்பு. அம்மாவையே பேச்சில் மிஞ்சுகிற பிள்ளை. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்று மருந்து கொடுத்தார்கள். இறங்கும், மறுபடியும் ஏறும். மருந்தை மாற்றினார்கள், கேட்கவில்லை. பிள்ளை பேசுவதை நிறுத்தியபோதுதான் டீச்சர் அண்ணிக்குப் போன் போட்டாள். வயிறு உப்பிக்கொண்டு வந்தது. உதட்டில் ரத்தமில்லை. அண்ணி வந்து பார்த்தார்; பொறுங்க என்று சொல்லவில்லை. "உடனே கிளம்பு. வண்டியை எடு" என்றார். ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவளுக்கு அன்று சாவி துவாரம் அகப்படவில்லை. அண்ணன்தான் ஓட்டினார்.

அண்ணியின் ஆய்வகம் இருந்த அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போனார்கள். குழந்தை டாக்டர் ஓர் அம்மா. சிரித்த முகம், ஆனால் சுற்றி வளைக்காத பேச்சு. ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்ததுமே புரிந்துகொண்டுவிட்டார். டீச்சரையும் கணவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"கிருமியோட சண்டை போட வேண்டிய செல்லெல்லாம் அளவில்லாம கொதிச்சுப் போயிருக்கு. அதுங்க விடற சைட்டோகைன்தான் இப்போ குழந்தையோட ரத்தத்தையும் ஈரலையும் கெடுக்குது. அதை அடக்க ஸ்டீராய்டு இன்னைக்கே ஆரம்பிக்கிறேன், எதுக்கும் காத்திருக்கப் போறதில்ல. ஆனா ஏன் இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சாகணும். ஒண்ணு, ஏதோ வைரஸ் வந்து கிளப்பி விட்டிருக்கலாம். அப்படின்னா மருந்துலயே சரியாக வாய்ப்பு அதிகம். இல்ல, கொல்லி செல்லுலேயே பிறவியில ஒரு குறை இருக்கலாம். அப்படின்னா எலும்பு மஜ்ஜை மாத்தணும். அதுக்கு ஆள் தேடணும், நாள் ஆகும்."

கொல்லி செல் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் டீச்சர் நிமிர்ந்தாள். கொல்லி செல்லில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு ரத்தத்தை வழக்கமாக வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். பதில் வர நாளாகும். பின்கட்டு ஆய்வகத்தில் அதே சோதனையை ஆராய்ச்சிக்காகத் தினமும் செய்கிறார்கள், அங்கே கேட்டுப் பார்க்கிறேன் என்றார் டாக்டர். புரொபசர் உடனே சரி என்றுவிட்டார். மறுநாள் ரத்தம் எடுத்தார்கள்.

வார்டு வாசலில் அண்ணியைப் பார்த்ததும் டீச்சர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, நீங்கதானே பார்க்கப் போறீங்க? எனக்கு வேற யார் மேலயும் நம்பிக்கை இல்ல."

"நான் பார்க்கல. நெட்டை பார்ப்பாரு."

"என்ன அண்ணி இது? உங்க மருமக அண்ணி அவ! மூணாவது மனுஷி மாதிரி பேசறீங்களே!"

"மருமகங்கறதாலதான்" என்றார் அண்ணி. குரல் உயரவில்லை. "குழாய்ல பேர் எழுத மாட்டோம், அடையாளத்துக்கு ஒரு எழுத்து மட்டும்தான். நல்லா இருக்கற ஒருத்தரோட ரத்தமும் கூடப் போகும். எது யாருதுன்னு புரொபசருக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு நல்ல பதில் வேணும்னு ஆசையா இருக்கு. ஆசைப்படற கண்ணு சரியாப் பார்க்காது."

டீச்சர் கையை உதறிக்கொண்டு போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து நடைபாதை பெஞ்சில் அவள் பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். திரும்பாமலேயே அண்ணி என்று தெரிந்தது.

"பிறவிக் குறைன்னா என்னன்னு சொல்லவா?"

டீச்சர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"கொல்லி செல்லு ஒரு கெட்ட செல்லைப் பிடிக்குது. சாதாரணமா, சீக்கிரமே அது செத்துடும். செத்ததும் பிடியை விட்டுட்டு அடுத்த வேலைக்குப் போயிடும். விட்டதும் சேதியும் அடங்கிடும். ஆனா துளை போடற புரதம் இல்லைன்னு வை, இல்ல பை திறக்கலைன்னு வை. பிடிச்சிருக்கும், கொல்ல முடியாது. கொல்ல முடியாததால விடவும் முடியாது. தொட்டுக்கிட்டே இருக்கறதால கத்திக்கிட்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு மத்த செல்லெல்லாம் ஓடி வந்து அதுங்களும் கத்தும். குட்டிக்கு நடக்கறது இதுவா, இல்ல வெறும் வைரஸ் கிளப்பி விட்ட கூச்சலான்னுதான் பார்க்கறாங்க."

"அதுக்குப் பாவம், விடத் தெரியல" என்றாள் டீச்சர். பிறகு அண்ணியின் தோளில் சாய்ந்து அழுதாள். அண்ணி அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. குட்டி பிறந்த அன்று டீச்சருக்கும் முன்னால் அவளைக் கையில் வாங்கியவர் அண்ணிதான்.

பதில் வந்தபோது நல்லதாக இல்லை. குட்டியின் செல்களை அவை கொல்ல வேண்டிய செல்களோடு சேர்த்து வைத்தார்கள். தொட்டன, பிடித்தன, பையைத் திறந்தவை மிகக் குறைவு. கூட வைத்த நல்ல ரத்தத்தின் செல்களோ வழக்கம்போலத் திறந்தன. நெட்டை ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்திருந்தார். எந்த எழுத்து யாருடையது என்று புரொபசர் சொன்ன பிறகு, நெட்டையே வார்டுக்கு வந்து பதிலைச் சொன்னார்.

டாக்டர் மெதுவாக, கூடப் பிறந்தவர்கள் உண்டா, மஜ்ஜை பொருந்துமா என்று பார்க்க யார் யார் ரத்தம் கொடுக்க முடியும் என்று கேட்க ஆரம்பித்தார்.

"பொறுங்க" என்றார் அண்ணி.

அந்த ஒரு வார்த்தையை டீச்சர் அன்று வெறுத்த மாதிரி வாழ்க்கையில் எதையும் வெறுத்ததில்லை.

அண்ணி டாக்டரைப் பார்த்துப் பேசினார். "இந்த ரத்தம் எடுத்தது ஸ்டீராய்டு ஆரம்பிச்ச பிறகு. அந்த மருந்து கொல்லி செல்லைத் தூங்க வைக்கும். துளை போடற புரதத்தைத் தனியா அளந்தோம், அது உள்ளே நிறையவே இருக்கு. ஆக, சரக்கு இருக்கு, பை திறக்கல. திறக்க முடியாததாலயா, தூக்கத்தாலயா? ரெண்டுக்கும் இந்தச் சோதனை ஒரே பதிலைத்தான் காட்டும்."

"எப்படிப் பிரிச்சுப் பார்க்கறது?" என்று கேட்டார் டாக்டர்.

"முன்னாடி என் சோதனை பாழாச்சே, அதுல கத்துக்கிட்டது ஒண்ணு இருக்கு. ஏற்பி சொல்றது மட்டும் போதாது. பக்கத்துச் செல்லு என்ன சொல்லுதுங்கறதும் சேர்ந்துதான் இந்தச் செல்லு முடிவெடுக்குது. உடம்புக்குள்ள அந்தத் துணைச் சேதி கிடைக்கும். மருந்து கலந்த ரத்தத்துலேர்ந்து நேரா எடுத்து வச்சா கிடைக்காது. நாம அந்தச் சேதியைக் கொடுப்போம். செல்லை மருந்திலேர்ந்து கழுவி எடுத்து, தட்டி எழுப்பற ஒரு சைட்டோகைனைப் போட்டு, நாளை வரைக்கும் சூட்டுப் பெட்டியில வச்சு, மறுபடியும் கேட்போம். பிறவிக் குறைன்னா அப்பவும் திறக்காது. தூக்கம்னா திறக்கும். மத்த இடத்துலயும் இப்படிச் செய்யறதுண்டு."

டாக்டர் யோசித்தார். "செய்யுங்க. மருந்து அப்படியே போகட்டும். ஜீன் பரிசோதனைக்கும் நான் அனுப்பிடறேன், கடைசிப் பதில் அதுதான். மஜ்ஜைக்கான ரத்தத்தையும் எடுத்து வச்சுடுவோம். தேவைப்படலைன்னா சந்தோஷம்."

"அதுவும் சரிதான்" என்றார் அண்ணி.

புரொபசர் குழாய்களில் மறுபடியும் வேறு எழுத்துகளைப் போட்டார். இந்தத் தடவையும் நெட்டையே செய்தார். அண்ணி அன்று முழுக்கக் கருவியின் பக்கமே போகவில்லை; வார்டில் குட்டியின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு, அவள் தூங்கும்போதும் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். கதையில் ஒரு யானை தபால் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தது. முகவரி படிக்காமல் எல்லாக் கடிதத்தையும் தன் வீட்டுக்கே அனுப்பிக்கொண்டது.

மறுநாள் மதியம் படிக்கட்டில் தடதடவென்று சத்தம். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஓடி வந்த நெட்டை, வார்டுக் கதவு நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டு, அதைத் தேய்த்துக்கொள்ளக்கூட நேரமில்லாமல் ஒரு தாளை நீட்டினார்.

"திறந்துடுச்சு! ரெண்டு குழாயிலயும் திறந்துடுச்சு. எது நல்ல ரத்தம், எது பாப்பாதுன்னு என்னால சொல்லவே முடியல டீச்சர். புரொபசர் சொன்ன பிறகுதான் தெரிஞ்சுது."

டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். கருவி வரைந்த படத்தில் இரண்டு ரத்தத்துக்குமான மேடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே இடத்தில் இருந்தன. "பிறவிக் குறைக்கு வாய்ப்பு ரொம்பக் குறைஞ்சிடுச்சு" என்றார். டீச்சர் அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குட்டியின் துண்டை இரண்டு கையாலும் கயிறாக முறுக்கிப் பிடித்திருந்தார். அந்த நிதானத்தை எங்கிருந்தோ கடன் வாங்கி, இத்தனை நாளும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் கொண்டுவந்து அண்ணியின் வாயருகே பிடித்தாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்றில்லை. காய்ச்சல் இறங்கி, எல்லோரும் மூச்சுவிட்ட வேளையில் ஒரு நாள் மறுபடியும் ஏறியது. இன்னொரு மருந்தைச் சேர்த்தார்கள். முகம் உப்பி, முடி கொட்டி, பிள்ளை பார்க்கச் சகிக்காமல் இருந்தாள். ஒரு காலையில் டாக்டர் நாடி பார்த்துக்கொண்டிருக்கும்போது, "உங்க கை சில்லுனு இருக்கு, சூடு பண்ணிட்டு வாங்க" என்று குட்டி அதட்டினாள். வார்டே சிரித்தது. டீச்சர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். அது எப்போது அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியாது. ஜீன் பரிசோதனையின் பதில் வீட்டுக்கு வந்த பிறகு வந்தது. குறை எதுவும் இல்லை. ஏதோ ஒரு வைரஸ் செய்த வேலைதான்.

டீச்சர் அண்ணியிடம் நன்றி சொல்லப் பலமுறை வாயெடுத்தாள். ஒவ்வொரு முறையும் அண்ணி, மருந்து கொடுத்தது டாக்டர், சோதனை செய்தது நெட்டை என்று பேச்சை மாற்றிவிடுவார். அது அடக்கம் இல்லை என்று டீச்சருக்குத் தெரியும். நடந்ததை நடந்தபடி சொன்னால்தான் அண்ணிக்குத் தூக்கம் வரும். ஆனால் அன்று வார்டில் அந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் எதிர்த்து நின்றது யார் என்பது டீச்சருக்குத் தெரியும். தன் கண்டுபிடிப்பைத் தானே கலைத்துப் போடத் துணிந்தவர்தான் அப்படி நிற்க முடியும் என்பதும் யோசிக்க யோசிக்க விளங்கியது. பிழைக்கத் தெரியாதவர் என்று சொன்ன நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கிடப்பில் போட்ட கட்டுரைக்குப் பதிலாக, ஏற்பியும் பக்கத்துச் செல்லின் சேதியும் சேர்ந்து சைட்டோகைனை எப்படிக் கூட்டிக் குறைக்கின்றன என்று அண்ணி வேறொரு கட்டுரை எழுதினார். பெரிய பத்திரிகை இல்லை. அந்தத் துறைக்காரர்கள் மட்டும் படிக்கிற ஒன்று. அண்ணன் அச்சான பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டினார். டீச்சர் முதல் பத்தியை இரண்டு தடவை படித்தாள். அதில் "மற்றும்" என்பதற்கு உண்டான வார்த்தை மட்டும் அவளுக்குப் புரிந்தது. நெட்டை கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு சின்ன மாநாட்டில் அதைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார்.

பள்ளி திறந்து குட்டி இரண்டாம் வகுப்புக்குப் போன வாரம், டீச்சர் வகுப்புகளைத் தள்ளிப் போட்டுவிட்டு ஆய்வகத்துக்குப் போனாள். சோதனைக்கு நல்ல உடம்புக்காரர்களின் ரத்தம் எப்போதும் வேண்டியிருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தாள். கையை நீட்டினாள். ஊசி குத்தும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். எதிரே வருகிற லாரிக்கு அசராதவள்.

கையில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தவளை அண்ணி ஒரு திரையின் முன்னால் உட்கார வைத்தார். நுண்ணோக்கியில் எடுத்த படம் ஓடியது. சாம்பல் நிறத்தில், உருண்டையான ஒரு செல் தவழ்ந்து தவழ்ந்து போய், தன்னைவிடப் பெரிய இன்னொன்றைத் தொட்டது. ஒட்டிக்கொண்டது. அதன் உள்ளே பொடிப் புள்ளிகள் எல்லாம் ஒரு பக்கமாக நகர்ந்து வந்து நின்றன. பெரிய செல் ஒரு தடவை குலுங்கி, கொப்புளம் கொப்புளமாகச் சுருங்கியது. சின்னது கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு பிடியைத் தளர்த்தி, விலகி, எதுவுமே நடக்காத மாதிரி வேறு பக்கம் தவழ்ந்து போனது.

டீச்சர் பேசாமல் பார்த்தாள். அவள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததை நெட்டை அதிசயமாகப் பார்த்தார்.

"வேலை முடிஞ்சுதுன்னு அதுக்கு எப்படி அண்ணி தெரியுது?"

"சாகிற செல்லு ஒரு அடையாளம் காட்டும். அது வரைக்கும் தெரியும். அதைக் கொல்லி செல்லு தனக்குள்ள எப்படிப் புரிஞ்சுக்குது, சேதியை எப்படி நிறுத்துதுங்கறது இன்னும் சரியாத் தெரியல." தெரியல என்று சொல்லும்போது அண்ணியின் முகம் அப்படி மலர்ந்தது. "அதைத்தான் இப்போ ஆரம்பிச்சிருக்கேன். உன் ரத்தத்துலதான் முதல் சோதனை."

"எனக்குப் பதில் சொல்லுவீங்கல்ல?"

"சொல்றேன். நாலஞ்சு வருஷம் ஆகும்."

"ஆகட்டும் அண்ணி" என்றாள் டீச்சர். எழுந்து, இன்னொரு தடவை அந்தப் படத்தை ஓட்டச் சொன்னாள்.